நுஸ்ரத்தின் சொந்தக் கவிதை

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நலம். இங்கே கோரோக் ஊரில் பனி கொட்டுகிறது, கவலைப்படாதீர்கள்.

என்னோடு நடந்த நிச்சயத்தை முறித்துவிட்டு அதிகாரி மகளைக் கட்டிக்கொண்ட நுஸ்ரத், பள்ளிக் கட்டடங்களைப் பார்வையிடும் அதிகாரியாக நேற்று என் வகுப்புக்கே வந்தான். ‘உனக்காகவே எழுதினேன்’ என்று அன்று அவன் எனக்குச் சொன்ன காதல் கவிதை, எழுநூறு வருடம் பழையதம்மா! இந்த வருடப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் இருக்கிறது. அவன் வருவது தெரிந்ததுமே பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டேன்.

விருந்தாளி கவிதை சொல்வது நம் வழக்கமாயிற்றே. “ஐயா கவிஞர், சொந்தமா ஒண்ணு சொல்லுவார்” என்றேன். அவனும் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தெரிந்த அந்த ஒன்றையே தொடங்கினான். மீதியை வகுப்பே கோரஸாக முடித்தது.

“டீச்சர், இவருக்கு எழுநூறு வயசா?” என்றாள் ஷஹ்லோ.

அவன் காதுவரை சிவந்துபோனான். “பிள்ளைங்க நல்லா படிக்குதுங்க” என்று முனகினான்.

“காதல் பாடம்னா மறக்காதுங்கய்யா” என்றேன்.

உலர்ந்த மல்பெரிப் பழம் கொஞ்சம் அனுப்புங்கள். தேநீரைத் தனியாகத்தான் குடிக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். நிச்சயத்துக்கு அவன் வீட்டார் போர்த்திய பட்டுச் சால்வையைப் பெட்டியில் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறீர்களே, அதையும் அனுப்புங்கள். கரும்பலகை துடைக்கத் துணி இல்லை.

உங்கள் மகள்,
சபோஹத்