பூட்டிய கோயிலில் ஒரு பதில்

பேசாலை,
உயிர்ப்பு ஞாயிறு

இஞ்சாருங்கோ,

தொற்றுநோய் ஊரடங்கென்று சேமக்காலையில் உங்கள் கல்லறைப் பக்கமே விடுகிறார்கள் இல்லை. உங்கள் மெழுகுதிரியை வீட்டு வாசலில்தான் கொளுத்தினேன்.

காலையில் பூட்டிய கோயிலுக்குள் பங்குச் சுவாமி தனியே பூசை வைத்ததைப் போனில் பார்த்தோம். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு நீங்கள் இழுத்துச் சொல்வீர்களே, அதே இழுவையில் "உம்மோடும் இருப்பாராக" என்று கேட்டது.

"அம்மா, அது அப்பா!" மகள் போனைக் கீழே போட்டுவிட்டாள்.

பிறகு சுவாமியிடம் கேட்டேன்.

"ஓம் அக்கா, கடைசி வாங்கிலை, அவர் வழமையா இருக்கிற இடத்திலையிருந்து ஒவ்வொரு நாளும் கேக்குது. நான் நிமிர்ந்து பாக்கிறேல்லை."

பாவம், பயந்துபோயிருக்கிறார். ஆனாலும் சனம் திரும்பி வரும்வரை அவரைத் தனிய விட்டிடாதையுங்கோ.

அதுக்குப் பிறகு இங்கை வாங்கோ. கதவைச் சாத்தமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி