கல்லாவில் கிடைத்த பழைய காசு

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

நேர்ல சொல்ல வாய் வரல. அதான் எழுதி உங்க சாப்பாட்டுப் பையில வைக்கிறேன்.

நான் கேஷியரா இருக்கிற கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில, பார்லிமென்ட் கட்டடம் போட்ட பழைய இருபது சென் காசு எப்பவாவது சில்லறையோட வரும். என் கைக்காசுல ஒரு புது இருபது சென் காசைக் கல்லாவுல போட்டுட்டு அதை எடுத்துக்குவேன். இதுவரைக்கும் பதினொண்ணு சேர்ந்திருக்கு. வருஷவாரியா அடுக்கிப் பார்க்கிறதுல அவ்வளவு சந்தோஷம்.

நேத்து முதலாளி கேமராப் படத்தைக் காட்டினாரு. நான் எடுக்கிறது மட்டும்தான் தெரியுது. போட்டதை என் முதுகு மறைச்சிருச்சு.

"எதுக்கும்மா எடுத்த?"

"பார்க்க அழகா இருக்கு பாஸ்."

அவர் சிரிக்கல. நாளைக்குக் காலையில உங்களையும் கூட்டிட்டு வரணுமாம்.

காசையெல்லாம் டப்பாவுல எடுத்து வச்சிருக்கேன். லோரி ஓட்டுற வேலைக்கு லீவு சொல்லிட்டு என்கூட வருவீங்களா? வழியில மட்டும் எதுவும் கேட்காதீங்க, அழுதுடுவேன்.

உங்க மனைவி