மேட்டுப் பிஸ்டனா, குழிப் பிஸ்டனா

மஸ்கோகி, ஓக்லஹோமா
1986 பிப்ரவரி 9, ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் ராய்ஸுக்கு அம்மா எழுதுவது. அந்த அலாஸ்காக் குளிரிலும் கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருக்கிறார் என்று நம்பி எழுதுகிறேன்.

நேற்றுச் சனிக்கிழமை, சாப்பாடு முடிந்தபின் நம் சமையலறை மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர்: உன் அப்பா, உன் தங்கை டார்லா, சிலிண்டர் கடைந்து கொடுக்கும் ஓடிஸ், நான். வேறு யாரும் இல்லை. பின்னால் ஆளுக்கொரு விதமாகச் சொல்லக்கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

விஷயம் பிஸ்டன். அப்பா மறுபடியும் பெரிய எஞ்சினைக் கட்டுகிறார். மேலே அதே சூப்பர்சார்ஜர். ஏப்ரல் கார்ப் பந்தயத்தில் டார்லா ஓட்டப்போகிறாள். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "அண்ணன் சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளணும், அவ்வளவுதானேம்மா" என்கிறாள். பந்தயத்துக்கு நீ போடும் கோட்டும் வேண்டும் என்றாள். இடது கை கருகிய கோட்டை அவளுக்கு எப்படிக் கொடுப்பேன்? புதிதாக வாங்கச் சொல்லிவிட்டேன்.

ஓடிஸ் இரண்டு பிஸ்டன் கொண்டுவந்து பீன்ஸ் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் தலை மேடாக இருந்தது, போன எஞ்சினில் போட்ட மாதிரி. மற்றதன் தலை சாஸர் போலக் குழிந்திருந்தது.

"யோவ் வர்ஜில், காத்தை அமுக்கி உள்ள தள்ளத்தானே மேல அவ்வளவு பெரிய பூதத்தை உட்கார வெச்சிருக்கே? கீழேருந்து இந்த மேடும் சேர்ந்து நெருக்கினா பெட்ரோல் நேரங்காலம் தெரியாம வெடிக்கும்யா. குழி போடு. காத்துக்கும் உட்கார ஒரு இடம் வேணாமா?" என்றார் ஓடிஸ்.

அப்பா கையில் எடுத்த மேட்டுப் பிஸ்டனைக் கீழே இறக்கவே இல்லை. "போன தடவையும் இதான் போட்டேன். பதினோரு ஓட்டம் ஓடுச்சு. பிஸ்டன் தப்புப் பண்ணல ஓடிஸ். ஓட்டினவன் காலை எடுக்கல. இவ எடுப்பா. இவளுக்கு அறிவு இருக்கு."

"நல்லவேளை, அது அவங்க அம்மாகிட்டேருந்து வந்துருச்சு" என்று ஓடிஸ் சொல்ல, டார்லா சிரித்துக் காப்பியைச் சிந்தினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'ஓட்டினவன்' என்றுதான் சொல்கிறார், ராய்ஸ். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்வது நான் மட்டும்தான், அதுவும் சாப்பாட்டு ஜெபத்தில். அன்றைக்கெல்லாம் அப்பாவின் ஆமென் கொஞ்சம் தாமதமாக வருகிறது.

ஓடிஸ் சலித்துப்போய், சரி உன் இஷ்டம் என்று பென்சிலை எடுத்தார். எட்டு மேட்டுப் பிஸ்டன் என்று எழுதப்போகிறார். அதன் பின்னால் உட்காரப்போவது டார்லா. அப்போதுதான் எழுந்துபோய் என் கறுப்பு நோட்டை எடுத்துவந்தேன்.

உனக்குத் தெரியும், பிஸ்டன் வளையங்களின் நுனியை அராவுவது எப்போதும் என் வேலை. அப்பாவுக்குக் கை கனம். ஓரிடத்தில் வெட்டுவிட்ட அந்த வளையத்தைச் சிலிண்டருக்குள் வைத்து, வெட்டின் இரண்டு நுனிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று தகடு விட்டுப் பார்த்து, அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி பார்ப்பேன். பதினாறு வளையம். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தக் கணக்கை எல்லாம் பார்ட்ஸ் புத்தகம் பார்த்தே கற்றுக்கொண்டேன், தப்பு வராது என்று பெருமையும் இருந்தது.

சூப்பர்சார்ஜர் இருந்தால் சூடு கூடும், வளையம் நீளும், இடைவெளியும் கூட வேண்டும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் முப்பது பாகம். இதை அப்பா சொல்லி நானே நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் உன் எஞ்சினுக்கு அராவிய அன்று நான் திறந்துவைத்திருந்தது சூப்பர்சார்ஜர் இல்லாத பழைய எஞ்சினின் பக்கம். அதில் இருபது. பதினாறு வளையத்துக்கும் இருபது என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் சரி என்று கோடு போட்டு, தேதியும் போட்டிருக்கிறேன். அந்த வாரம் சபையில் ஒரு சாவு, நாற்பது பேருக்கு நான்தான் சமைத்தேன். அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

பதினோரு ஓட்டம் தாங்கியது. பன்னிரண்டாவதில் நீயும் அப்பாவும் காற்றழுத்தத்தைக் கூட்டினீர்கள். நுனியோடு நுனி முட்டி, வளையம் பிஸ்டன் தலையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. எண்ணெய் வெளியே அடித்தது, தீப்பிடித்தது. நீ காலை எடுத்தாயா எடுக்கவில்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இது எனக்கு நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை, மகனே. கழற்றிய வளையங்களை அந்த வாரமே மண்ணெண்ணெயில் கழுவியவள் நான். நுனிகள் கண்ணாடி மாதிரி மின்னின. முட்டிக்கொண்டால்தான் அப்படி ஆகும். ஒருவருக்கும் காட்டாமல் குப்பையில் போட்டேன். அப்பா ஷெட்டில் எல்லார் முன்னாலும் "காலை எடுக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா ஸ்டீரிங்?" என்று உன்னைப் பார்த்துக் கத்தியபோது, நான் உன் கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன். கட்டுப் போட்டு முடித்தேன். வாயைத் திறக்கவில்லை. கர்த்தரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. அவர் வீட்டை விட்டுப் போகமாட்டார்.

நேற்று மூன்று பேரிடமும் சொன்னேன். டார்லா "அப்போ அண்ணன்..." என்றாள். ஓடிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டின் அந்த இரண்டு பக்கத்தையும் வெகுநேரம் பார்த்தார். "சகோதரி, இருபதும் தப்பு, மேடும் தப்பு. ரெண்டும் கூடிக்கிட்டு அந்தப் பையனைச் சுட்டுருக்கு. மொத்தத்தையும் ஒருத்தர் தலையில கட்ட முடியாது. உங்க தலையிலயும் சரி, வர்ஜில் தலையிலயும் சரி" என்றார்.

அப்பா எழுந்து வெளியே போனார். தொப்பிகூட இல்லாமல் அந்தக் காற்றில் முற்றத்தில் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. திரும்பி வந்து ஓடிஸிடம், "குழியே எழுது" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நேற்று நான் தூங்கியிருப்பேன். சிங்க்கில் கைகழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "ராய்ஸ் அட்ரஸ் உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

இன்று காலை சபையிலிருந்து வந்தபோது மேசைமேல் ஒரு உறை கிடந்தது. அவர் கையால் ஸ்டாம்ப் ஒட்டியிருந்தார், கோணலாக. உள்ளே ஒன்றுமில்லை. அதில்தான் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். அவரால் ஆனது அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்.

மற்றபடி இங்கே இரண்டுமுறை ஐஸ் மழை பெய்து பெக்கான் மரத்தின் பெரிய கிளை ஷெட்டின் மேல் விழுந்தது. கூரை மட்டும்தான் நசுங்கியது. என் முழங்கால் படி ஏற விடுவதில்லை. வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. எனக்குத்தான் இப்போதெல்லாம் காலையிலேயே சாயங்காலத்து அசதி வந்துவிடுகிறது.

இந்தக் கடிதத்தில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்தே ஆகவேண்டும் என்று ஆகிவிடும். அம்மா சொன்னதற்காக நீ எதையும் கொடுக்க வேண்டாம்.

பிஸ்டன்கள் மார்ச் மூன்றாம் தேதி வருகின்றன. வளையத்தை நானே அராவ வேண்டும் என்கிறார் அப்பா. டார்லாவும் அதையே சொல்கிறாள். என் நோட்டை என்னால் நம்ப முடியவில்லை. உன் தங்கை ஓட்டப்போகும் எஞ்சினுக்கு எவ்வளவு இடைவெளி என்று நீ உன் கையால் எழுதி அனுப்பு. அந்த எண் ஒன்று மட்டும் எழுதினாலும் போதும்.

நீ போகும் இடமெல்லாம் கர்த்தருடைய கரம் உனக்கு முன்னால் போகட்டும். சீக்கிரம் பதில் போடு.

அம்மா
ஓப்பல்