ஒரே வலையில் நூற்றெண்பது கருவிகள்

மார்ச் 4, செவ்வாய்

மழை. பழுதான அச்சு இயந்திரங்கள் மூன்று, மறந்துபோன கடவுச்சொற்கள் ஐந்து. மருத்துவமனையின் கணினி வலையைப் பிரிக்கும் திட்டத்தை நான்காவது முறையாக ஹோங்கிடம் கொடுத்தேன். கணினிப் பிரிவின் தலைவர். தாளைப் புரட்டக்கூட இல்லை. "ஓடுற வண்டிய எதுக்கும்மா கழட்டுற?"

மார்ச் 6, வியாழன்

காலை பத்தேகாலுக்கு மொத்த வலையும் செத்தது. மருந்தகம், எக்ஸ்ரே, பதிவு மேசை எல்லாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளின் இதயத் துடிப்பைக் காட்டும் பெரிய திரையும் உறைந்துவிட்டது. ஆறாம் படுக்கை கோ ஐயாவுக்கு அப்போதுதான் துடிப்பு தாறுமாறானது. அறைக்குள் கருவி அலறியிருக்கிறது, கதவு மூடியிருந்தது. தலைமைச் செவிலியர் ஆ-லான் அக்கா தற்செயலாகக் கண்ணாடி வழியே பார்த்தார். ஐயா பிழைத்தார். தற்செயலாக!

கூட்ட அறையில் ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் சுவரிலுள்ள வலைத் துளைகளில் செருகியிருந்தார்கள். அனுப்பிய தகவலே சுற்றிச் சுற்றி வந்து வலை முழுவதையும் அடைத்துவிட்டது. அந்த அறையைத் தயார் செய்தவர் யார்? ஹோங்.

மார்ச் 7

மன்னிப்புக் கடிதம். என் பெயரில், ஹோங்கே தட்டச்சு செய்தது.

"கையெழுத்துப் போடு, யூ-சின். யாராவது ஒருத்தர் போட்டுத்தானே ஆகணும்?"

"கேபிள செருகினவங்க போடட்டும்."

முகம் சிவந்துபோனார். நான் போடவில்லை. வேலை போனால் போகட்டும், சனியன்.

மார்ச் 10

ஆ-லான் அக்கா மதியம் வந்தார். "எங்கயோ எவனோ செருகினதுக்கு என் நோயாளி ஏண்டி சாகணும்? புரியிற மாதிரி சொல்லு."

சாப்பாட்டுப் பெட்டியின் அட்டை மூடியில் எழுதிக் காட்டினேன். நம்மிடம் இருப்பது 192.168.10.0 முதல் 255 வரை, 256 எண்கள். கருவிக்கு ஒன்று. எல்லாம் ஒரே கூடத்தில் இருக்கிற மாதிரி. ஒன்று கத்தினால் எல்லாவற்றின் காதிலும் விழும். நான்காக வெட்டினால் ஒவ்வொன்றிலும் 64: 0–63, 64–127, 128–191, 192–255. இந்தத் துண்டுகள்தான் சப்நெட். முதல் எண் துண்டின் பெயர். கடைசி எண் அதிலுள்ள எல்லாரையும் சேர்த்துக் கூப்பிட. கருவிகளுக்கு மிஞ்சுவது 62. சப்நெட் மாஸ்க் 255.255.255.192, தன் துண்டின் எல்லை எது என்று கருவி அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். கேபிள்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியிலும் தனித்தனியாகப் பிரித்தால் ஒன்றின் கூச்சல் மற்றதில் கேட்காது. தேவையான பேச்சு மட்டும் துண்டுகளை இணைக்கும் ரவுட்டர் வழியே போகும்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்க்கா."

"இதுக்கா உன்ன ஒரு வருஷமா அலையவிட்டான்?"

எண்ணெய்க் கறையோடு மூடியை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போய்விட்டார்.

மார்ச் 13

அனுமதி வந்தது. நடைவழியில் ஹோங் மறித்தார்: "நர்ஸுகிட்டப் போய் அழுதியா?"

"நீங்க காது குடுத்திருந்தா போயிருக்க மாட்டேன்."

மார்ச் 16, ஞாயிறு

காலையிலிருந்து பிரித்தோம். தீவிர சிகிச்சைக்கு இரண்டாம் துண்டு. சோதனைக்கு வைத்த கருவி ஒரு மணி நேரமாகப் பேசவே இல்லை. பார்த்தால், அதற்கு 64ஐக் கொடுத்திருக்கிறேன்! துண்டின் பெயரையே! அக்காவுக்குப் பாடம் எடுத்தவள் நான். என் மண்டையில் நானே குட்டிக்கொண்டேன். 66 என்று மாற்றியதும் பேசியது. மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது.

ஏப்ரல் 2

ஹோங்கின் அழைப்பு: "என் ரூம்ல ஒண்ணுமே வரல! ஆஸ்பத்திரியே செத்துப்போச்சு! என்ன பண்ணி வெச்சிருக்க?"

காத்திருப்புக் கூடமும் அலுவலகங்களும் நான்காம் துண்டு. அவர் அறையும் அதில்தான்; செத்தது அந்தத் துண்டு மட்டுமாகத்தான் இருக்கும். தெரிந்தும் நான் முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் ஓடினேன். மூன்று மாடி, படியேறி.

பெரிய திரையில் பன்னிரண்டு கோடுகளும் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏண்டி இப்படி மூச்சு வாங்குது?" என்றார் ஆ-லான் அக்கா. "எங்கயாவது ஏதாவது ஆயிடுச்சா?"

சுவரில் சாய்ந்து நின்றேன். பையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் எடுத்தேன்.