முன்வரிசை இருக்கையின் வெள்ளைத் துணி

என் அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. அங்கே நம் ஆட்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். யாராவது என்ன கடுதாசி என்று கேட்டால் மடித்து இடுப்பில் செருகிக்கொள். உனக்கு வாயில் எதுவும் நிற்காது. அதனால்தான் முதலிலேயே கெஞ்சுகிறேன்.

நெல் கொட்டிவைக்கிற அறையில், உன் தகரப்பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கதவுக்கு அடியில் வெளிச்சம் போகக்கூடாது என்று விளக்குத் திரியைக் குறைத்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு இராஜாக்கமங்கலம் கடல் இங்கே வரை இரைகிறது. விடிவதற்கு முன்பே வாடகைக் கார் வந்துவிடும். திருவனந்தபுரம் போய், அங்கிருந்து பம்பாய்க்கு ஆகாய விமானம். போகிறது நான்தான் அம்மா. உன் தம்பியோடு.

நம்ப முடிகிறதா உனக்கு?

மாமாவுக்கு அங்கே கம்பெனியில் பெரிய உத்தியோகம் கொடுத்திருக்கிறார்கள். லீவுக்கு ஊர் வந்துபோக விமானச் செலவு அவர்களுடையது. அதுவும் உயர்ந்த வகுப்பில், அவருக்கும் மாமிக்கும் சேர்த்து. மாமி பள்ளிக்கூட டீச்சர், லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை. அந்த இடத்தில் என்னை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே படிக்கவைக்கிறேன் என்று மாமா அப்பாவிடம் கேட்டார். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"சின்னப் பிள்ளையா இருக்கா, கொண்டு போ. குமரி ஆயிட்டான்னா நான் விடமாட்டேன். தாயில்லாத பிள்ளை. நாலு பேரு நாலு விதமா பேசுவாவ."

"அதுக்கு இன்னும் நாள் கெடக்கு அத்தான்."

"கெடந்தா கொண்டு போ. இப்பமே சொல்லிட்டேன், குமரி ஆன பிறகு ஒரு அடி வாசல் தாண்ட முடியாது."

அத்தை முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நீ போன பிறகு இந்த வீட்டை அவள்தான் பார்க்கிறாள். "வாசல் தாண்டாண்டாம். என் மகன் பின்ன என்னத்துக்கு இருக்கான்?" என்றாள். அவள் மகன் தங்கப்பன் அத்தானைத் தெரியும்தானே, கோட்டாற்றில் கொப்பரைக் கடையில் நிற்கிறவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அது போன வாரம்.

முந்தாநாள் மத்தியானம், தொழுவத்துக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன் அம்மா. என்னத்தை என்று எழுதக் கை வரவில்லை. உனக்குப் புரிந்திருக்கும். நான் பெரியவளாகிவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதலில் எனக்குச் சாகப்போகிறோம் என்றுதான் தோன்றியது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ரகசியமாகப் பேசிக்கொண்டது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இந்த அறைக்கு வந்து உன் பெட்டியைத் திறந்தேன். இரண்டு வருஷமாக யாரும் திறக்காத பெட்டி. உன்னுடைய பச்சைக்கரைச் சேலை மேலாகவே இருந்தது. அதைக் கிழித்தேன். சத்தம் கேட்கக்கூடாது என்று பல்லால் கடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தேன். உன் சேலையை இப்படிச் செய்ததற்கு நீ கோபப்படுவாயா? எனக்கு வேறு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். பின்கட்டு அறை, தனித் தட்டு, தனிப் பாய். பதினாறாம் நாள் சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். அந்தத் தாய்மாமனே டிக்கெட்டை வைத்துக்கொண்டு முற்றத்தில் உலாத்துகிறார். ஆறாம் வகுப்பில் நாங்கள் பதினொரு பெண்கள். இப்போது எட்டாம் வகுப்பில் நாலு பேர். ஒருத்தி வராமல் போவாள், டீச்சர் இரண்டு நாள் பெயர் கூப்பிடுவார்கள், மூன்றாம் நாள் அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்ததைக் கூப்பிடுவார்கள். என் பெயரைத் தாண்டி அடுத்த பெயர் போவதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன் என்று கணக்கில்லை.

ஆனால் சொல்லாமல் போவதும் லேசாக இல்லை.

நேற்றுச் சாயங்காலம் மாமா விமானத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து முற்றம் நிறைந்துவிட்டது. ஏறுவதற்கு முன்பு பெட்டியை எடை போடுவார்களாம். ஆளையும் போடுவார்களாம்.

"கொப்பரை நிறுக்கது மாதிரியா?" என்று அப்பா கேட்டார்.

"இவள நிறுத்தா மூணு துலாம் தேறாது. பாதி வழியில காத்துல பறந்திருவா," என்றாள் அத்தை.

விமானம் பல ஊர்களில் இறங்கி ஏறி, பம்பாய் சேரப் பொழுது சாய்ந்துவிடுமாம். எங்களுக்கு முன்வரிசை. மற்ற இருக்கைகளைவிட அகலம், காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளலாம். பீங்கான் கோப்பையில் காப்பி கொண்டுவந்து கொடுப்பாள் ஒரு பெண். காது அடைக்காமல் இருக்க மிட்டாயும் பஞ்சும் தட்டில் வைத்து நீட்டுவாள். பஞ்சு என்றதும் எனக்குத் திக்கென்றது. எவ்வளவு எடுக்கலாம்? இரண்டு காதுக்கு எவ்வளவு எடுத்தால் சந்தேகம் வராது?

"சீட்டுக்கெல்லாம் வெள்ளத்துணி உறை மைனி," என்றார் மாமா பெருமையாக. "தெனமும் வெளுத்துப் போடுவான். ஒரு பொட்டு அழுக்கு பாக்க முடியாது."

அப்போதிலிருந்து அந்த வெள்ளைத் துணி நினைப்புதான் அம்மா. கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. விமானம் விழுந்துவிடுமோ என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். விழுந்தால் நேராக உன்னிடம் வந்துவிடுவேன், அதில் எனக்குப் பெரிய பயமில்லை. பம்பாயில் இறங்குவதற்காக எழுந்திருக்கும்போது அந்த வெள்ளை உறையைத் திரும்பிப் பார்க்க வேண்டுமே, அதுதான் பயம். பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். மாமா பார்ப்பார். மறுநாளே ரயிலேற்றி அனுப்பிவிடுவாரோ?

அத்தை திடீரென்று மாமாவிடம் கேட்டாள்: "ஏ பம்பாய்க்காரரே, எல்லாம் சொன்னீரு. அவசரத்துக்கு ஒதுங்க அதுல எடம் உண்டுமா? இல்ல, மேலேருந்து கீழதானா?"

முற்றமே சிரித்தது. மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உண்டு மைனி. பின்னால சின்ன அறை. கதவடைச்சுக் கொண்டி போடலாம். தண்ணியும் வரும்."

"பின்னாலயா? அப்ப முன்னால இருக்கவ எழும்பி, அத்தன பேரையும் தாண்டி நடக்கணுமோ?"

"நடக்கணும்."

"பின்ன உசந்த எடத்துல என்ன கொணம்?"

மறுபடியும் சிரிப்பு. நான் மட்டும் எத்தனை வரிசை என்று கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்துவிட்டேன். பிறகு அத்தை டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்களாம், ஏன் என்று நான் கேட்டதில்லை. "இதுல இவ பேரு எங்க இருக்கு?" என்று கேட்டாள். மாமா காட்டினார். அந்த இடத்தில் பெருவிரலை வைத்து ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அழித்துவிடுவாளோ என்று எனக்குப் பட்டது.

அம்மா, அத்தைக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் இந்தக் கடிதம் எழுதக் காரணமே.

சாயங்கால விளக்கு ஏற்றுவது என் வேலைதானே. முந்தாநாள் ஏற்றினேன். இந்த நிலையில் ஏற்றக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஏற்றாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். தீக்குச்சி மூன்று முறை அணைந்தது. நான் நின்று கும்பிடவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது. நேற்றும் இன்றும் நான் தீப்பெட்டியை எடுத்ததும் அத்தை வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நான் பத்த வைக்கேன். நீ போய் பெட்டிய அடுக்கு," என்றாள். முகத்தைப் பார்க்கவே இல்லை. எதற்குப் பிடுங்கினாள்?

இன்று மத்தியானம் இன்னொன்று. மாமா விமானத்தில் போட்டுக்கொள்ள எனக்குச் சந்தன நிறத்தில் பட்டுப் பாவாடை வாங்கி வந்திருந்தார். தேய்த்து மடித்துப் பெட்டியில் மேலாக வைத்திருந்தேன். அத்தை வந்து அதை எடுத்துவிட்டாள். போன ஓணத்துக்குத் தைத்த கறுப்புப் பாவாடையை வைத்தாள்.

"மாமா பட்டுதான் போடச் சொன்னாவ அத்தை."

"மாமா சொல்லுவாரு. துவைக்கப் போறது மாமாவா? இது போட்டா அழுக்கு தெரியாது. மிண்டாம இரு ஏட்டி."

பட்டைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஏன் பூட்டினாள் அம்மா? சடங்குக்கா? பதினாறாம் நாள் எனக்கு அதை உடுத்தி மணையில் உட்காரவைப்பதற்கா? விடிகாலையில் கார் வந்து நிற்கும்போது, எல்லார் முன்னாலும், அண்ணே இவளைக் கேளும் என்று அப்பாவிடம் சொல்லிவிடுவாளா? தங்கப்பன் அத்தான் நல்லவர்தான். எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தருவார். ஆனால் அது வேறு.

இன்னொன்றையும் உன்னிடம்தான் கேட்க முடியும். விமானம் திருவனந்தபுரத்தில் எழும்பிக் கோயில்களுக்கு மேலே பறக்குமே, அப்போது தீட்டு யாருக்கு? கோயில் வாசலைக்கூடத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள், நான் கோபுரத்துக்கு மேலேயே போகிறேன். கன்னியாகுமரியில் நிற்கிற அவளுடைய பெயரைத்தான் நீ எனக்கு வைத்தாய். அவளும் கல்யாணம் ஆகாமல் கடலைப் பார்த்து நிற்கிற பெண்தானே. அவள் என்மேல் கோபப்பட மாட்டாள் என்று நினைக்கிறேன். நீ அவளைப் பார்த்தால் கொஞ்சம் சொல்லிவை.

நீ நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருநாள் விமானம் ஒன்று போனது, ஞாபகம் இருக்கிறதா? நீ காலால் நெல்லைக் கிளறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாய். "ஏட்டி, அதுக்குள்ள இருக்கவியளுக்கு நம்மளத் தெரியுமா?" என்று கேட்டாய். நான் தெரியாது என்றேன். என்றாலும் நீ கையை ஆட்டினாய். முழங்கை வரை உமி ஒட்டியிருந்தது. அந்த மழைக்காலத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது.

நம் வீட்டுக்கு மேலே விமானம் வருமா என்று மாமாவிடம் கேட்டேன். "பம்பாய் வடக்கேல்லா இருக்கு மக்கா, இங்க எப்படி வரும்?" என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் அழுகை வந்தது. பரவாயில்லை. வழியில் வேறு யார் வீட்டு முற்றமாவது தெரியும். யாராவது நெல் காயப்போட்டிருப்பார்கள்.

நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அம்மா, சத்தியமாக. கார் என்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், விமானத்தில் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். கீழே ஒருத்தி கையை ஆட்டினால் தெரிகிறதா இல்லையா என்று பார்த்து உன் கேள்விக்குப் பதில் எழுதுவேன். தெரியாவிட்டாலும் நான் மேலேயிருந்து கையை ஆட்டுவேன். பம்பாய் போய்ச் சேர்ந்ததும் மாமியிடம் எல்லாவற்றையும் சொல்வேன். அப்பாவுக்கு என் கையாலேயே எழுதி உண்மையையும் சொல்லிவிடுவேன். அவரை ஏமாற்றிக்கொண்டே படிக்க என்னால் முடியாது. அதுவரை மட்டும் நீ எனக்காகப் பொய் சொல்லு.

இன்னும் வேண்டியதைக் கிழித்து முடித்ததும் இந்தக் காகிதத்தை மீதிச் சேலையின் மடிப்பில் வைப்பேன்.

உன் வயிற்றில் பிறந்தவள்,
பகவதி

அம்மா, கதவை யாரோ தட்டுகிறார்கள்.

விரல் நுனியால் தட்டுகிற மாதிரி. விளக்கை ஊதினால் புகை வாசனை வெளியே போகும். ஊதவில்லை.

"ஏட்டி பகவதி. பைய கதவத் தொற. அண்ணன் உறங்கியாச்சு."

அத்தை. எழுதிக்கொண்டே இருந்தால் நான் இங்கே இல்லாத மாதிரி இருக்கிறது. மறுபடியும் தட்டுகிறாள்.

"அம்மைக்க சேலைய இனி கிழிக்காண்டாம் மக்கா. நான் பழைய முண்டு கிழிச்சு மடிச்சுக் கொண்டாந்திருக்கேன். நாளைக்கு ராத்திரி வரைக்கும் தாங்கும். எப்பிடி வைக்கணும்னு சொல்லித் தாறேன், தொற."

அம்மா, அத்தைக்கு