ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்த கட்டு

மாடிப்படியில் கால் பிசகிய உன் மாப்பிள்ளைக்கு இன்று காலை எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றினேன், அம்மா. உறையைப் பிரித்ததும் அந்த ரப்பர் வாடை. கோந்த்வா ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் இருந்த எனக்கு, நாம் முன்பு குடியிருந்த கட்கி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் மூக்கில் ஏறியது. "பரவால்லயே, நர்ஸ் மாதிரி கட்டுற" என்றார். உன் காலில் பழகிய கை என்று நான் சொல்லவில்லை.

தொழிற்சாலை கேன்டீனில் இருபது வருஷம் நின்றபடியே சப்பாத்தி தேய்த்த கால் அது. ரத்தம் மேலே ஏறாமல் தேங்கி, உள் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, ஒருநாள் புண்ணாக உடைந்தது. எந்தக் களிம்புக்கும் அடங்கவில்லை. இதற்கு இறுக்கம்தான் மருந்து என்றாள் டிஸ்பென்சரி சிஸ்டர். முதலில் பஞ்சு, பிறகு துணிக்கட்டு, அதன்மேல் எலாஸ்டிக். விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை, ஒவ்வொரு சுற்றும் முந்தினதைப் பாதி மூடவேண்டும். வியாழன்தோறும் அவள் மாற்றுவாள். நடுவில் நீர் கசிந்தால், காலையில் நீ கட்டிலைவிட்டு இறங்குமுன் நான் மாற்றுவேன். "கொலைகாரி, மெதுவாடி" என்று கத்துவாய். உடனே, "இன்னும் கொஞ்சம் இழு, தொளதொளன்னு இருக்கு" என்பாய். எட்டு மாதத்தில் உள்ளங்கை அகலப் புண் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கியது. கேன்டீன் முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டாய்.

அப்போதுதான் ஒரு ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பருத்த கட்டு புடவைக்குக் கீழே தெரிந்தது.

"அவுத்துடும்மா. குஷ்டமோ என்னமோன்னு நினைச்சுக்கப் போறாங்க."

"ஆறப்போற நேரத்துலயாடி?"

"உன் காலால என் கல்யாணம் நிக்கணுமா?"

குனிந்து நீயே அவிழ்த்தாய். புண்மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டி, புடவையைத் தரைதட்டக் கட்டிக்கொண்டு, பொழுது சாயும்வரை அடுப்படியில் நின்றாய். வந்தவர்களில் ஒருத்தர்கூட உன் காலைப் பார்க்கவில்லை. சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். வீங்கிப்போன காலை நீ ஸ்டூல்மேல் தூக்கி வைத்தாய். நாளைக்குக் கட்டிவிடுகிறேன் என்றேன். மறுநாளிலிருந்து நிச்சயதார்த்தப் புடவைக்குக் கடை கடையாக ஏறி இறங்கினேன். வியாழக்கிழமைவரை அந்தக் கால் வெறுமனே கிடந்தது.

டிஸ்பென்சரியில் பிளாஸ்திரியை உரித்தபோது புண் மறுபடி அகலமாக வாய் பிளந்திருந்தது. யார் அவிழ்த்தது என்று சிஸ்டர் கேட்டாள். "நான்தான். அரிச்சுது" என்றாய். எட்டு மாசம் வீணாப்போச்சு, உனக்குப் போய் மெனக்கெட்டேனே என்று பொரிந்து தள்ளினாள். நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். "எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்ல, சிஸ்டர்" என்று ஹிந்தியில் சேர்ந்துகொண்டேன். நீ இருபது வருஷம் கேன்டீனில் பேசிய ஹிந்தி அது. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். பிறகு காலை அவளிடம் நீட்டினாய்.

கல்யாணமாகி நான் போய்விட்டேன். நடுவில் நீர் கசிந்தால் குனிந்து அத்தனை சுற்றையும் இறுக்கிக் கட்டிக்கொள்ள உன்னால் முடியவில்லை, கட்டிவிட வீட்டில் ஆளில்லை. எப்போதாவது வந்தால் புண் வாடைக்குப் பயந்து ஜன்னலோரமாக உட்காருவேன். புண் மூடவே இல்லை. நான்கு வருஷம் கழித்து மாரடைப்பில் நீ போனபோதும் அது திறந்தேதான் இருந்தது.

உன்னைக் குளிப்பாட்டிய பெண்கள், "ஐயோ, கால்ல என்ன இது?" என்று கேட்டார்கள். உன் தலைமாட்டில் நின்று சொன்னேன்: "கட்டிக்கோன்னா அம்மா கேக்கவே மாட்டாங்க."

யார் கேட்டாலும் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன், அம்மா. படிக்க நீ இல்லை என்கிற தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.