ஒரே எடையில் மூன்று ரூபாய்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
11 பிப்ரவரி, செவ்வாய்

அன்புள்ள இளவரசிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் திரிஷாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கூரியரில் கடிதம் அனுப்புகிறான் என்று பயப்படாதே. நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய். இது திரிஷா காதில் விழக் கூடாது. தனியாக உட்கார்ந்து படி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ திருப்பூர் போன பிறகு, பழைய காசுகளை அளக்க இரண்டு கருவிகள் வாங்கினேன். செல்லாத காசுக்கு இன்னும் எவ்வளவு செலவு பண்ணப் போறீங்க என்று நீ கேட்பது இங்கேயே கேட்கிறது. விலை குறைவாகப் பார்த்துத்தான் வாங்கினேன். குறுக்களவு பார்க்கும் இரும்புக் காலிப்பர் விலை அதிகம், காசின் விளிம்பையும் கீறிவிடும். அதனால் பிளாஸ்டிக்கில், எண் காட்டுகிற மாதிரி ஒன்று. சரிகைக் கடைத் தராசு கிராமுக்குக் கீழே காட்டாது. நகைக்காரர்கள் வைத்திருக்கும் சட்டைப்பை அளவுத் தராசு ஒரு கிராமை நூறாகப் பிரித்துக் காட்டுகிறது. சரிபார்க்க எடைக்கல் இல்லாமல் வாங்காதே என்று எங்கள் நாணயச் சங்கத்துத் தாவீது சொன்னதால் நூறு கிராம் கல்லும் கேட்டு வாங்கினேன்.

பொங்கலுக்கு உன் அண்ணன் கொடுத்த மூன்று ஆற்காட்டு ரூபாய்களைத்தான் முதலில் அளந்தேன். அவை நவாப் காலத்தில் கையால் சுத்தியல் போட்டு அடித்த வெள்ளிக் காசுகள். ஒன்று போல ஒன்று இருக்காது. இந்த மூன்றும் குறுக்களவில் 23.4 மில்லிமீட்டர். மூன்றும் 10.12 கிராம். பதினொன்றரையை ஒட்டி இருக்க வேண்டும். கல்லை வைத்துப் பார்த்தேன், தராசில் குறையில்லை. லென்ஸில் பார்த்தால் மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே பள்ளம். ஒரே அச்சில் வார்த்தவை. மூன்றும் போலி.

மச்சானை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு சாப்பிட வந்தவர், மேசையில் தராசைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். "மாப்ள, இத யார்கிட்டனா காட்டினியா?" என்றார். இல்லை என்றேன். "காட்டாத. சும்மா அளந்துக்கினு இருக்காத" என்று சொல்லி, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார். ஒரு துணிப்பையைத் தறிக்குழிக்குள் வைத்துவிட்டு, இரண்டு நாளில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அதோடு அவர் போன் அணைந்துவிட்டது. பையைப் பிரித்தேன். ஏறக்குறைய இருநூறு காசு. எல்லாவற்றிலும் அதே பள்ளம்.

புதன்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். சேலை பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். ஒரு சேலையையும் தொடவில்லை. வீரபாகு எங்கே என்று உன் அண்ணனைத்தான் கேட்டார்கள். அவரிடம் காசு வாங்கி ஏமாந்தவர்கள் என்று புரிந்தது. மறுநாளும் வந்தார்கள். சனிக்கிழமை ஒருவன் செருப்போடு தறி வரைக்கும் வந்து, மிகவும் அமைதியாக, "உங்க பொண்ணு திருப்பூர்ல தான இருக்குது? எட்டாம் மாசமாமே. பத்திரம்பா" என்றான். ஆஸ்பத்திரி பெயரையும் சொன்னான். அந்தப் பெயரை நான் உன் அண்ணனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

நேற்றுக் காலை பையையும் தராசையும் எடுத்துக்கொண்டு தாவீதோடு காவல் நிலையம் போனேன். இன்ஸ்பெக்டர் முன்னால் பத்துக் காசை அளந்து காட்டினேன். யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். புகாரில் அவருடைய தகப்பனார் பெயர் என்ற இடத்தில் உன் அப்பாவின் பெயரை என் கையாலேயே எழுதினேன், இளவரசி. அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் பூட்டு பூட்டியபடி இருக்கிறது. உள்ளே தறியில் ஏறியிருந்த மாம்பழ நிறச் சேலையின் பாவு நூல் முழுக்க அறுத்துப் போட்டிருந்தது. நம் வீட்டுக்கு இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அவர் கொடுத்தாரா, அடித்துப் பிடுங்கினார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

படித்து முடித்ததும் இதை விஷாலிடம் கொடு. மாப்பிள்ளை நிதானமானவர். இன்றைக்கே ஆஸ்பத்திரியை மாற்றச் சொல். புதிய இடத்தின் பெயரை எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம்.

உன் அண்ணன் அங்கே வரலாம். அழுதுகொண்டு வருவார். சாப்பிட்டியா அண்ணா என்று கேட்க உனக்கு வாய் வரும். உன்னைத் தூக்கி வளர்த்தவர்தான், நான் மறக்கவில்லை. இருந்தாலும் கதவைத் திறக்காதே. அவர் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஜன்னலில் தெரியாது. என் மேல் கோபம் வந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். கதவை மட்டும் திறக்காதே.

திரிஷாவின் தலையில் கை வைத்து அப்பாவின் ஆசி என்று சொல். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் காமாட்சி துணையிருப்பாள். குழந்தை பிறந்ததும் எனக்குப் போன் செய். நான் எடுக்காவிட்டால், தாவீதிடம் சொல்லிவிடு.

என்றும் உன்,
சிவபாலன்